லாஸ் கார்ஸாஸுக்கு வருகிறவர்களுக்கு

காப்பெல், டெக்ஸாஸ்
12 அக்டோபர் 1986

அன்புத் தங்கை ராணிக்கு,

இரண்டு வருஷமாக ஒரு வரி போடாத அண்ணன் திடீரென்று எழுதுகிறானே என்று நினைப்பாய். போன கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. குழந்தை மார்த்தா நன்றாக இருக்கிறாள். பதில் எழுதாதது என் தப்புதான். ஆபீஸில் வேலை அதிகம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை.

ஒரு காரியமாகத்தான் இப்போது எழுதுகிறேன். இங்கே இர்விங்கில் ஒரு சர்ச் ஹாலில் ஞாயிறு மத்தியானம் எங்கள் தமிழ் ஃபெல்லோஷிப் கூடுகிறது. அதை நடத்துகிற ஜார்ஜ் அங்கிளும் அவர் மனைவி சுகந்தி ஆன்ட்டியும் வருகிற மார்ச் மாதம் உங்கள் ஊருக்கு வர ஆசைப்படுகிறார்கள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கிற மாதிரி இல்லை. மூன்று நாள் தங்குவார்கள். உங்கள் லாட்ஜில் ஆறு அறை இருப்பதாக நீ எழுதிய ஞாபகம்.

எப்படி வருவது, எதைச் சாப்பிடலாம், எதைக் கொண்டுவர வேண்டும் என்றெல்லாம் விவரமாக எழுது. அங்கிளுக்கு அறுபத்திரண்டு வயது, சர்க்கரை உண்டு. ஆன்ட்டிக்கு முழங்கால் வலி. இருவரும் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான்.

உன் மதினி ஜெயலீலாவும் எலிசாவும் சுகம். வீட்டில் எல்லாரும் சுகம்தானே?

உன் அண்ணன்
ரூஃபஸ்


லாஸ் கார்ஸாஸ், மெக்ஸிகோ
5 நவம்பர் 1986

அன்பு அண்ணனுக்கு,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, மருந்துக்கடை வாசலிலேயே நின்று பிரித்தேன். இந்த ஊருக்குத் தபால், டெலிபோன் எல்லாம் அந்த மருந்துக்கடைதான். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன் போலிருக்கிறது, கடைக்காரி "என்ன, லாட்டரியா?" என்று கேட்டாள். "எங்கண்ணன் வீட்டு ஆட்கள் வர்றாங்க" என்றேன். நான் இங்கே வந்து மூன்று வருஷத்தில் என் பக்கத்திலிருந்து ஒருவர்கூட வந்ததில்லை. ராமிரோவின் சொந்தக்காரர்கள் முதலில் கேட்டுக்கொண்டிருந்தார்கள், உனக்கு யாருமே இல்லையா என்று. பிறகு பாவம் பார்த்துக் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

உன் மச்சான் ராமிரோவைப் பற்றி நீ கேட்கவில்லை. சுகமாக இருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் டாலஸில் இருக்கிற மெக்ஸிகோ கான்சுலேட்டில் முன்கூட்டியே விசா வாங்க வேண்டும். ஒரு மாதம் முன்னாலேயே போகச் சொல். கிரீன் கார்டைப் பெட்டியில் போடவே கூடாது, திரும்பும்போது அதுதான் உயிர். டாலஸிலிருந்து மசாட்லானுக்கு விமானம் உண்டு. அங்கிருந்து தெற்கே போகிற பஸ்ஸில் மூன்று மணி நேரம். கடல் தெரியும் என்று எல்லாரும் வலது பக்கம் ஏறி உட்காருவார்கள். கடலும் தெரியாது, மத்தியான வெயில் முகத்தில் அடிக்கும். அங்கிளையும் ஆன்ட்டியையும் இடது பக்கம் உட்காரச் சொல். கடலை இங்கே வந்து வேண்டிய மட்டும் பார்த்துக்கொள்ளலாம். பஸ் ஊருக்குள் வராது. ஹைவே முக்கில் இறக்கிவிடுவான், நாங்கள் பிக்கப் டிரக்கோடு நிற்போம்.

குழாய்த் தண்ணீர் வாயில் படக்கூடாது. பல் விளக்கக்கூட நான் கொதிக்கவைத்து ஆறவைத்துத் தருவேன். வழியில் யாராவது ஐஸ் போட்ட ஜூஸ் கொடுத்தால் ஐஸும் அதே குழாய்த் தண்ணீர்தான் என்பதை மறக்க வேண்டாம். ஊரில் மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு. சர்க்கரைக்காரர் அதுவரை தாங்கமாட்டார், என் அடுப்பில் பன்னிரண்டுக்கே சோறு தயாராக இருக்கும். சீலா மாதிரியே ஒரு மீன் கிடைக்கிறது. மிளகாய்க்கும் பஞ்சமில்லை, மல்லியும் புளியும் இருக்கிறது. நான் குழம்பு வைத்தால் இந்தத் தெருவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நிற்கும்.

கக்கூஸில் காகிதத்தைப் போடக்கூடாது, பக்கத்துக் கூடையில் போட வேண்டும். ஆன்ட்டியிடம் இதை ஜெயலீலா மதினி சொல்லட்டும், நீ சொல்லாதே. காலையில் செருப்பைத் தட்டிவிட்டுப் போட வேண்டும், தேள் இருக்கும். பொழுது சாய்கிற நேரத்தில் கண்ணுக்கே தெரியாத கொசு ஒன்று வரும், கடித்தால் நாலு நாள் சொறிய வேண்டும். தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டால் ஒட்டாது. கடலில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும், மிதித்தால்தான் குத்தும், உரசினால் போய்விடும். ஆற்று முகத்துப் பக்கம் மட்டும் இறங்கவே வேண்டாம். அங்கே அடியில் இழுப்பு அதிகம்.

மூன்றாம் அறையைக் கொடுக்கிறேன், படி ஏற வேண்டியதில்லை. ராமிரோ இன்றைக்கே அதற்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்கிறார். மார்ச்சுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது என்றால் கேட்கவில்லை. ஹூஸ்டன் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தபோதும் இப்படித்தான், நோயாளி வருவதற்கு முன்னால் கட்டிலை இரண்டு தடவை துடைப்பார். அதைப் பார்த்துத்தான் நான்... சரி, அதெல்லாம் உனக்குப் பிடிக்காது.

நீயும் வாயேன் அண்ணே. எலிசாவைப் பார்த்தது அவள் ஒன்பது வயதில். மார்த்தாவுக்கு ஒரு மாமா இருக்கிறார் என்று படத்தைக் காட்டித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ராணி


காப்பெல்
30 நவம்பர் 1986

அன்புள்ள ராணி,

உன் கடிதத்தை ஜெயலீலா மூன்று தடவை படித்தாள். தேவையான குறிப்புகளை டைப் அடித்து அங்கிளிடம் கொடுத்துவிட்டேன். விசாவுக்கு ஜனவரியிலேயே போகிறார்கள்.

இன்னும் சில காரியங்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இவர்கள் கொஞ்சம் பழைய மனுஷர்கள். உங்கள் சாப்பாட்டுக்கடையில் பீர் விற்பதாக எழுதியிருந்தாய். அந்த மூன்று நாளும் பெட்டிகளைக் கண்ணில் படாமல் வைத்துவிட்டால் நல்லது. நீ சேலை கட்டிக்கொள். உன்னிடம் இல்லாவிட்டால் ஆன்ட்டி வசம் இரண்டு கொடுத்தனுப்புகிறேன். பக்கத்து ஜனங்களுக்கு நீ ஊசி போடுவதாக, காயத்துக்குக் கட்டுப்போடுவதாக எழுதியிருந்தாய் அல்லவா? அதை அவர்கள் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். வீட்டில் மாதா, புனிதர்கள் என்று கத்தோலிக்கப் படங்கள் நிறைய மாட்டியிருந்தால், ஒன்றிரண்டை...

வேண்டாம், அதை விட்டுவிடு.

பழைய கதை எதையும் நீயாக ஆரம்பிக்க வேண்டாம். கேட்டால் மட்டும் சுருக்கமாகப் பதில் சொல். ஹூஸ்டனை விட்டு ஏன் போனாய், எப்படிப் போனாய் என்பதெல்லாம் அவர்களுக்கு அவசியமில்லை.

நான் வரமுடியாது. மார்ச்சில் ஆபீஸில் ஒரு பெரிய டெஸ்டிங் இருக்கிறது.

ரூஃபஸ்


லாஸ் கார்ஸாஸ்
2 ஜனவரி 1987

அண்ணனுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். மதினிக்கும் எலிசாவுக்கும் சொல்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதி, அதைக் கிழித்துவிட்டேன். இது இரண்டாவது. என்னிடம் நாலு சேலை இருக்கிறது. கட்டிக்கொள்கிறேன், எனக்கும் ஆசைதான். பீர்ப் பெட்டிகளைப் பின்கட்டில் வைக்கச் சொல்லி ராமிரோவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். "பெரியவங்க வர்றாங்க, மரியாதை" என்றேன். சரி என்று தலையாட்டினார். அவருக்கு மரியாதை என்று சொன்னால் போதும், மறுகேள்வி கிடையாது. நான்தான் அவர் முகத்தைப் பார்க்காமல் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

ஒன்று மட்டும் நேராகக் கேட்கிறேன். என்னைப் பற்றி அவர்களிடம் என்ன சொல்லியிருக்கிறாய்? எனக்குக் கல்யாணமாகிவிட்டது, பிள்ளை இருக்கிறது என்று தெரியுமா தெரியாதா? தெரியாது என்றால் இப்போதே சொல்லிவிடு. வந்து இறங்கிய இடத்தில் அவர்கள் முகம் மாறுவதை ராமிரோ பார்க்கக்கூடாது. திட்டுவதாக இருந்தால் அங்கேயே திட்டிவிட்டு வரட்டும், எனக்கு ஒன்றுமில்லை.

பதில் போடு. மறக்காதே.

ராணி


காப்பெல்
10 பிப்ரவரி 1987

ராணி,

அங்கிளும் ஆன்ட்டியும் மார்ச் 14, சனிக்கிழமை, மசாட்லானில் இறங்கிப் பஸ் பிடிக்கிறார்கள். மாலை நாலு மணிவாக்கில் ஹைவே முக்கில் இறங்குவார்கள். 17ஆம் தேதி காலை திரும்புகிறார்கள். இரண்டு பெரிய பெட்டி கூடுதலாக இருக்கும்.

நீ கேட்டதைப் பற்றிக் கவலை வேண்டாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறேன்.

ரூஃபஸ்


லாஸ் கார்ஸாஸ்
28 மார்ச் 1987

ரூஃபஸ் அண்ணனுக்கு,

அவர்கள் போய்ப் பதினோரு நாளாகிறது. இன்றைக்குத்தான் எழுத முடிந்தது.

மார்த்தாவுக்கு அன்று சளி. அவளை ராமிரோவின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் முக்குக்குப் போனோம். அவர் முகச்சவரம் பண்ணி, கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். வழியெல்லாம் "அங்கிள், வெல்கம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஆறு வருஷம் ஹூஸ்டனில் இருந்தவர், இங்கிலீஷ் அவருக்கு நன்றாகவே வரும். ஆனாலும் சொல்லிப் பார்த்தார்.

பஸ் நின்றது. சுகந்தி ஆன்ட்டி இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "கண்ணு, மூணு வருஷமா தினமும் உன் பேரைச் சொல்லி ஜெபம் பண்றோம்மா" என்றார்கள். நீ எல்லாம் சொல்லிவிட்டாய், சொல்லியும் இப்படி அன்பாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் அண்ணே, அந்த ஒரு நிமிஷம் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?

அங்கிள் ராமிரோவின் கையைப் பிடித்துக் குலுக்கி, இங்கிலீஷில், "யூ மஸ்ட் பி த ஹெல்ப்பர் அட் அவர் சிஸ்டர்ஸ் மிஷன்" என்றார்.

மிஷன். நான் இங்கே கிறிஸ்தவ ஊழியம் செய்கிறவளாம், ராமிரோ அதற்கு உதவியாளாம். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சேலை, பீர்ப் பெட்டி, ஊசி, பழைய கதை, எல்லாம். ராமிரோ சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அவரே சொல்லியிருக்கலாம். நான் என் வாயால் சொல்லட்டும் என்று விட்டார்.

நான், "எஸ் அங்கிள், ஹி ஹெல்ப்ஸ் மி" என்றேன், எனக்கு உதவியாக இருக்கிறவர் என்று.

ஏன் சொன்னேன் என்று பதினோரு நாளாக யோசிக்கிறேன். அந்த ஹாலில் எல்லார் முன்னாலும் உன் முகம் எப்படிப் போகும் என்று தோன்றியது. சின்ன வயதில் நீ அப்பாவிடம் அடி வாங்கப் போகும்போதெல்லாம் ஒரு முகம் வருமே, அது. அவ்வளவுதான்.

ராமிரோவின் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு பெட்டிகளைத் தூக்கி ஏற்றினார். அதன்பிறகு மூன்று நாளும் என்னை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிட்டார். எல்லாரும் சாப்பிட்டபின் சமையலறையில் நின்றுகொண்டு சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை படகில் கூட்டிப்போனோம். திரும்பிக் கரைக்கு இறங்கும்போது அங்கிளுக்குத் திருக்கை பயம். ராமிரோ குனிந்து முதுகைக் காட்டினார், அவரைச் சுமந்துகொண்டுபோய் உலர்ந்த மணலில் இறக்கிவிட்டார். "என்ன தாழ்மை பாத்தியாம்மா இந்த மனுஷனுக்கு! எல்லாம் உன் சாட்சிதான்" என்று அங்கிள் என்னிடம் தமிழில் சொன்னார். பையிலிருந்து ஒரு ஸ்பானிஷ் ட்ராக்டை, துண்டுப் பிரசுரத்தை, எடுத்து ராமிரோ கையில் கொடுத்தார். பாவத்திலிருந்து மனந்திரும்புவதைப் பற்றி. ராமிரோ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கூடுதல் பெட்டிகளில் பழைய துணி. ஏழை ஜனங்களுக்கு. நம் தெருவில் அப்படி யாரும் இல்லை. மருந்துக்கடைக்காரிக்கு ஒரு டெக்ஸாஸ் ஃபுட்பால் பனியன் கிடைத்தது. எதற்கென்று தெரியாமலே மரியாதைக்கு வாங்கிக்கொண்டாள். நான் ஊசி போடுவதை அங்கிள் எல்லாப் பக்கமும் நின்று படம் எடுத்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதாமல் விடத்தான் நினைத்தேன்.

மார்த்தாவை மூன்று நாளும் அங்கேயே விட்டுவைத்தேன். சளி முதல் நாளே சரியாகிவிட்டது. கடைசி நாள் காலை அவர்கள் கிளம்பும்போது எப்படியோ ஓடிவந்துவிட்டாள். "மமா" என்று கத்திக்கொண்டு என் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள். ஆன்ட்டி அவளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "இங்க எல்லாப் பிள்ளைகளும் என்னை அப்படித்தான் கூப்பிடும் ஆன்ட்டி" என்றேன். ராமிரோ வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார். தமிழ் அவருக்குத் தெரியாது. ஆனால் என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரியாமலில்லை.

இப்போது ஆறாம் அறையில் படுத்துக்கொள்கிறார். கேட்டால் பதில் சொல்வார், தானாக ஒன்றும் பேசுவதில்லை. சண்டை போட்டால்கூடத் தாங்குவேன்.

"சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறேன்" என்று எழுதினாயே. என்ன சொன்னாய்? உன் கையால் எழுது.

ராணி


காப்பெல்
30 மார்ச் 1987

அன்புத் தங்கை ராணிக்கு,

உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று ஃபெல்லோஷிப்பில் அங்கிள் ஸ்லைடு போட்டு நாற்பது நிமிஷம் பேசினார். நீ வராந்தாவில் ஊசி போடும் படம், சேலை கட்டிக் கடலோரம் நிற்கும் படம். நீ மெலிந்திருக்கிறாய். சிலர் அழுதார்கள். வருஷாவருஷம் யாராவது வந்து உன்னைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானம்கூடப் போட்டுவிட்டார்கள்.

நீ எதையும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எதற்காகச் சொல்லவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. என்னைக் காப்பாற்றிவிட்டாய்.

ஒரு படத்தில் ராமிரோ அங்கிளை முதுகில் சுமந்து வருகிறார். அதைத் திரையில் பார்த்தபோது என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து காபி போடுகிற பக்கம் போய்விட்டேன். அவர் உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் என்று அங்கிள் சொன்னார். நீ அப்படிச் சொன்னாயா, அல்லது அங்கிளாக நினைத்துக்கொண்டாரா?

தெரிய வேண்டும் என்றும் இருக்கிறது, வேண்டாம் என்றும் இருக்கிறது.

ரூஃபஸ்


காப்பெல்
27 ஏப்ரல் 1987

ராணி,

உன் மார்ச் 28 கடிதம் ஏப்ரல் 16 அன்று வந்தது. என் கடிதம் அதற்குள் உன் கையில் கிடைத்திருக்கும். அதைப் படித்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால், தபாலை வழியிலேயே பிடித்துக் கிழித்திருக்கலாம் போல் இருக்கிறது.

கேட்டதற்குப் பதில். 1983இல் நீ ஹூஸ்டனை விட்டுப் போன மறு ஞாயிறு. சர்ச் பார்க்கிங்கில் அங்கிள், "தங்கச்சி எங்கப்பா, ஆளையே காணோம்?" என்றார். பக்கத்தில் இரண்டு குடும்பம் நின்றது. அதில் ஒருவர் தன் மருமகனுக்கு உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தவர். வார்டு சுத்தம் பண்ணுகிற ஒருவர் அமெரிக்காவில் தங்கப் பேப்பர் இல்லாமல் ஊருக்குத் திரும்பிவிட்டார், என் தங்கை அவர் பின்னால் போய்விட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மெக்ஸிகோ போயிருக்கா அங்கிள். ஊழியத்துக்கு" என்றேன். கார்க் கதவைத் திறந்துகொண்டே சொன்னேன். அன்றோடு மறந்துபோகும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு ஜெபக் குறிப்பில் உன் பெயர் இருந்தது. பிறகு அறிவிப்புப் பலகையில் உன் படம். சண்டே ஸ்கூலில் எலிசா உன்னைப் பற்றிக் கட்டுரை படித்தாள். நானே அவளுக்கு எழுத உதவினேன்.

உன் ஜனவரிக் கடிதம் வந்தபோது சொல்லிவிடலாம் என்று அங்கிள் வீடு வரைக்கும் டிரைவ் பண்ணிக்கொண்டு போனேன். பெல்லை அடித்தேன். கதவைத் திறந்ததும், "பெட்டி ஏதாவது வேணுமா அங்கிள், டிராவலுக்கு?" என்று கேட்டேன். எங்கள் வீட்டுப் பெட்டிதான் நீ பார்த்தது, அந்தப் பழுப்பு நிறப் பெட்டி.

ஏப்ரல் 19, ஈஸ்டர். தங்கள் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார்கள். எழுந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதுகுவலிக்காக ஜெபிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உண்மையாகவே ஜெபித்தார்கள்.

நேற்று மறுபடி எழுந்தேன். ஜெயலீலா என் கோட் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் உட்கார்ந்துவிடாமல் இருக்க. எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகப்போகிறது, உன் கணவர்தான் படத்தில் இருக்கிறவர், மார்த்தா உன் மகள், நீ ஒரு பொய்யும் ஆரம்பிக்கவில்லை, என் பொய்க்கு நீ மூன்று நாள் வேலை செய்தாய் என்று. யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காபிக்கு நிற்காமல் பாதிப்பேர் போய்விட்டார்கள்.

அங்கிள் நாற்காலியை விட்டு எழவில்லை. நான் பக்கத்தில் போனதும், "அந்த மனுஷன் என்னை முதுகுல சுமந்தாரு ரூஃபஸ். நான் அவருக்கு ட்ராக்ட் குடுத்தேன்" என்றார். ராமிரோவுக்குத் தானே எழுதுவதாக அட்ரஸ் வாங்கிக்கொண்டார். சுகந்தி ஆன்ட்டி, "எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா. அந்தப் பிள்ளைக்கு அப்படியே உன் மூக்கு. ராணி வாயால சொல்லட்டும்னு பேசாம இருந்தேன்" என்றார்கள்.

கார் வீட்டுக்கு அருகில் வந்தபோது எலிசா, "டாட், யூ மேட் மி ப்ரே ஃபார் அ லை" என்றாள். என்னைப் பொய்க்காக ஜெபம் பண்ணவைத்துவிட்டாய் என்று. பதிமூன்று வயதுப் பெண். இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்டில் லீவு கேட்டிருக்கிறேன். வரலாமா? உன்னிடம் அனுமதி கேட்கிறேன். ராமிரோவிடமும்.

ரூஃபஸ்


லாஸ் கார்ஸாஸ்
24 மே 1987

அண்ணனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஜார்ஜ் அங்கிள் ராமிரோவுக்கு எழுதியது அதற்கு மூன்று நாள் முன்னாலேயே வந்துவிட்டது. நாலு பக்கம், இங்கிலீஷில், கையால் எழுதியது. ராமிரோ படகடியில் உட்கார்ந்து படித்தார். என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று மத்தியானம் என்னோடு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

உன் கடிதத்தை நான் அவருக்கு வரிவரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். எதையும் விடவில்லை, வார்டு சுத்தம் பண்ணுகிறவர் என்று நீ எழுதியதையும். ஈஸ்டரில் முதுகுவலி என்று உட்கார்ந்த இடத்தில் சிரித்துவிட்டார். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கிள் வீட்டு வாசல் வரைக்கும் போய்ப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தாயே, அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன். உனக்கும் எனக்கும் ஒரே நாக்கு.

படித்து முடித்தபின் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். முன்பும் கேட்டிருந்தேன், பல தடவை. இந்தத் தடவைதான் அவர் பதில் சொன்னார். "வேலைக்காரன்னு சொன்னது பரவாயில்லை. ஹூஸ்டனில் ஆறு வருஷம் அதுதான் என் வேலை, அதில் எனக்கு வெட்கமில்லை. உன் அண்ணனுக்காகச் சொன்னாய், அதுவும் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ யோசிக்கவே இல்லை, ராணி. அவர் கேட்ட மறுநொடியே சொல்லிவிட்டாய். ஒரு மூச்சு நேரம் தயங்கியிருந்தால் எனக்குப் போதும்." இவ்வளவுதான் சொன்னார். எழுந்துபோய் வலையைப் பிரித்தார்.

அண்ணே, நான் உன்மேல் கோபமாக இருந்தது நிஜம். உன்னால்தான் சொன்னேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் மார்த்தாவைப் பற்றி நீ எனக்கு ஒன்றும் எழுதவில்லையே. அவளை அக்கா வீட்டில் விட்டுவை என்று யாரும் சொல்லவில்லை. அது முழுக்க நான். அவர்கள் தமிழ் பேசினதும், பழைய ராணியாக மூன்று நாள் இருக்க முடிந்ததும் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். சேலையை அவிழ்க்க மனமில்லாமல் அவர்கள் போன மறுநாளும் கட்டியிருந்தேன். இதை ராமிரோவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும்.

ஆகஸ்டில் வரலாமா என்று கேட்டிருக்கிறாய். அவர் வரச் சொல்கிறார். ஆகஸ்ட் மழைக்காலம், பாதை சேறாகிவிடும், நவம்பருக்குமேல் வரச் சொல், குடும்பத்தோடு வரச் சொல் என்று இப்போதுதான் சொல்லிவிட்டுப் போனார். எலிசாவுக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டார்.

நான்தான் இப்போது வேண்டாம் என்கிறேன்.

நீ ஒரு ஹாலில் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாய். அவர்கள் உன்னை என்ன நினைத்தாலும் சொல்லியாகிவிட்டது. நான் எந்த ஹாலில் எழுந்து நிற்பது? என் சபையில் இரண்டே பேர். ஒருத்திக்கு மூன்று வயது, அவள் எல்லாவற்றையும் மறந்துவிட்டு என் மடியில் படுத்துக்கொள்கிறாள். இன்னொருவர் எதையும் மறக்கவில்லை. நேற்று ஆறாம் அறையிலிருந்து தலையணையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் எழுந்து அவருக்கு இடம் விட்டேன், அவர் விளக்கை அணைத்தார். இருட்டில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி போன பிறகு எழுதுகிறேன். அப்போது வா.

ராணி